கணக்கு முதலில், விதி பின்னால்: உயர்நிலைப் பள்ளியில் சிக்கல்வழிக் கணிதம்

உயர்நிலைப் பள்ளிக் கணிதப் பாடம் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கிறது. ஆசிரியர் விதியைச் சொல்கிறார். கரும்பலகையில் ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுக் காட்டுகிறார். மாணவர்கள் அதே சாயலில் உள்ள பயிற்சிக் கணக்குகளைச் செய்கிறார்கள். பயிற்சியின் கடைசியில், பத்தாவதாகவோ பன்னிரண்டாவதாகவோ, யோசிக்க வைக்கும் கணக்கு ஒன்று இருக்கும்; அதை எட்டுவதற்குள் வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கும். சிக்கல்வழிக் கற்பித்தல் இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. கடைசிக் கணக்கு முதலில் வருகிறது. அதைத் தீர்க்கும் விதி மாணவருக்கு இன்னும் சொல்லப்படவில்லை. ஆனால் அதை நெருங்குவதற்கு வேண்டிய முன்னறிவு அவரிடம் உண்டு. அவர் அதனோடு முட்டிமோதிய பிறகு, அவரும் மற்றவர்களும் கண்டவற்றை வைத்துக்கொண்டு ஆசிரியர் வகுப்பை விதிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்.

சிக்கல்வழிக் கற்றல் என்ற பெயர் கணித வகுப்பில் பிறந்ததல்ல. கனடாவின் ஹாமில்டன் நகரில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 1969-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது, உடற்கூறியல், உடலியங்கியல் என்று தனித்தனியாக விரிவுரை நடத்தும் வழக்கத்தை விட்டது. ஒரு நோயாளியின் நிலையைச் சிறு குழுவின் முன் வைத்து, அதை விளங்கிக்கொள்ள எவையெல்லாம் தெரியவேண்டும் என்று மாணவர்களையே தேடவைத்தது. நரம்பியல் மருத்துவரான ஹோவர்ட் பாரோஸ் இம்முறைக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். பிறகு அது பொறியியல், சட்டம், மேலாண்மை என்று பரவிப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆனால் மருத்துவ மாணவருக்குப் பொருந்தியது பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருந்துவதில்லை. மருத்துவ மாணவர் தனக்குத் தெரியாததை நூலகத்தில் தேடி எடுக்கலாம். முக்கோணத்தின் உச்சி அடிப்பக்கத்துக்கு இணையாக நகர்ந்தால் பரப்பு ஏன் மாறுவதில்லை என்பதைத் தேடி எடுத்துப் பயனில்லை. காரணத்தைப் பள்ளி மாணவர் தானே கண்டால்தான் அது அவருடையது.

கணிதத்தில் இம்முறைக்கு வேறொரு வேர் உண்டு. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் போல்யா, கணக்கை எப்படித் தீர்ப்பது என்பது பற்றி 1945-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். கணக்கை விளங்கிக்கொள்வது, திட்டம் வகுப்பது, அதைச் செய்து முடிப்பது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது என்ற நான்கு கட்டங்கள் அந்நூலால் உலகெங்கும் பரவின. பல பாடநூல்கள் இந்த நான்கையும் ஒரு பெட்டிக்குள் அச்சிட்டுவிட்டு வழக்கமான பயிற்சிக்குத் திரும்பிவிட்டன. அமெரிக்கக் கணித ஆசிரியர்களின் தேசியப் பேரவை, அந்தப் பத்தாண்டில் பள்ளிக் கணிதத்தின் மையம் சிக்கல் தீர்த்தலாகவே இருக்கவேண்டும் என்று 1980-இல் அறிவித்தபோதும் ஏறத்தாழ இதுவே நடந்தது. சிக்கல் தீர்த்தல் தனி அத்தியாயமாயிற்று. மற்ற அத்தியாயங்கள் இருந்தபடியே இருந்தன.

கலிபோர்னியாவின் ஆலன் ஷோன்ஃபெல்டு 1985-இல் வெளியிட்ட ஆய்வுநூல் இன்னும் ஆழமாகப் போயிற்று. மாணவர்களிடம் பழக்கமில்லாத கணக்கைக் கொடுத்து அவர்கள் வேலை செய்வதை அவர் பதிவு செய்தார். பலர் கணக்கைப் படித்தவுடன் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு, அது எங்கும் போகவில்லை என்றாலும் நேரம் முடியும்வரை அதிலேயே ஓடினார்கள். வேண்டிய தேற்றம் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ‘நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன், ஏன் செய்கிறேன், இது எனக்கு எப்படி உதவும்’ என்று நடுவில் நின்று கேட்டுக்கொள்ளும் பழக்கம்தான் இல்லை. ஷோன்ஃபெல்டு தம் வகுப்பில் மாணவர்களிடையே நடந்துபோகும்போது இந்த மூன்று கேள்விகளையே கேட்பதை வழக்கமாக்கினார். தொடக்கத்தில் அவர்கள் விழித்தார்கள். பிறகு கேள்வி வரும் என்று தெரிந்து முன்கூட்டியே பதிலைத் தயார் செய்தார்கள். அதன்பின் கேள்வி அவர்களுக்குள்ளேயே எழத் தொடங்கியது.

ஒரு நாட்டின் சாதாரண வகுப்புகளில் இம்முறை நிலைபெற்றதற்கு மிக நன்றாகப் பதிவான சான்று ஜப்பான். அங்கே 1971 முதல் 1976 வரை ஷிமாடா ஷிகேருவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும், ஒரே சரியான விடைக்குள் அடங்காத கணக்குகளைப் பள்ளியில் பயன்படுத்திப் பார்த்தார்கள். அந்த வேலை 1977-இல் நூலாயிற்று. அவர்களுடைய கோலிக்குண்டுக் கணக்கு பேர்பெற்றது. மூன்று பேர் ஆளுக்கு ஐந்து குண்டுகளை உருட்டுகிறார்கள். குண்டுகள் யாருக்குக் குறைவாகச் சிதறினவோ அவர் வென்றவர். மூன்று படங்களைப் பார்த்து, சிதறலை எண்ணாகச் சொல்ல எத்தனை வழிகள் உண்டோ அத்தனையும் கண்டுபிடிக்கவேண்டும். ஒருவர் குண்டுகளை இணைத்துப் பலகோணம் வரைந்து அதன் பரப்பை எடுக்கிறார். ஐந்து குண்டும் ஒரே கோட்டில் விழுந்தால் பரப்பு சுழியமாகிவிடுமே என்று இன்னொருவர் மறுக்கிறார். சுற்றளவு, மிகத் தொலைவிலுள்ள இரண்டு குண்டுகளின் இடைவெளி, எல்லா இணைகளையும் சேர்க்கும் பத்துக் கோட்டுத்துண்டுகளின் மொத்த நீளம், எல்லாக் குண்டுகளையும் உள்ளடக்கும் மிகச் சிறிய வட்டத்தின் ஆரம், நடுப்புள்ளியிலிருந்து சராசரித் தொலைவு என்று வழிகள் பெருகுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நன்மை, ஒரு குறை. சிதறலை அளக்க ஏன் ஓர் அளவை வேண்டும், நல்ல அளவைக்கு என்ன தகுதிகள் வேண்டும் என்பவை எவரும் விரிவுரை செய்யாமலே வகுப்பின் நடுவில் வந்து நிற்கின்றன.

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு மாணவர் இதே கருத்தைப் புள்ளியியல் பாடத்தில் சந்திக்கிறார்: வீச்சு, விலக்க வர்க்கச் சராசரி, திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழு. திட்ட விலக்கத்தைக் கணக்கிட நேரடி முறை, கூட்டுச் சராசரி முறை, ஊகச் சராசரி முறை, படிவிலக்க முறை என நான்கு வழிகள் அவருக்குக் கற்பிக்கப்படுகின்றன. விலக்கத்தை ஏன் வர்க்கப்படுத்தவேண்டும், குறியை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினால் என்ன கெட்டுவிடும் என்ற கேள்வி மட்டும் இந்த நான்கிலும் எழுவதில்லை.

ஜப்பானிய வகுப்பின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை உலகம் அறியக் காரணம் ஓர் ஒளிப்பதிவு ஆய்வு. 1995-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வின் பகுதியாக ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளில் 231 எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்கள் படம் பிடிக்கப்பட்டன. ஜேம்ஸ் ஸ்டிக்லரும் ஜேம்ஸ் ஹீபர்ட்டும் அதன் முடிவுகளை 1999-இல் நூலாக்கினார்கள். மாணவர்கள் தாமே கணக்குப் போடும் நேரத்தில் அமெரிக்காவில் 96% பழகிய முறையைத் திரும்பச் செய்வதில் போயிற்று. ஜப்பானில் அது 41%. புதிதாக ஒரு வழியைக் கண்டுபிடிப்பதற்கோ தாமே யோசிப்பதற்கோ ஜப்பானிய மாணவர்கள் செலவிட்டது 44%. அமெரிக்காவில் அது ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஜப்பானிலும் ஐந்தில் இரண்டு பங்கு நேரம் பயிற்சிக்கே போயிற்று என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். பயிற்சியை ஒழித்துவிட்ட வகுப்புகள் அல்ல அவை.

அந்தப் பதிவுகளில் ஒன்று எல்லை வேலி பற்றிய பாடம். ஆசிரியர் முந்தைய நாள் பாடத்தை நினைவூட்டித் தொடங்குகிறார்: ஒரே அடிப்பக்கத்தின் மேல், இரண்டு இணைகோடுகளுக்கு இடையே நிற்கும் முக்கோணங்கள் சம பரப்புள்ளவை. பிறகு ஒரு படம் காட்டுகிறார். எடா, அசூசா என்ற இருவரின் நிலங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இடையிலுள்ள எல்லை நடுவில் மடங்கியிருக்கிறது. இருவரின் பரப்பும் மாறாமல் அந்த எல்லையை ஒரே நேர்கோடாக்கவேண்டும். முதலில் ஆசிரியர் கையிலுள்ள குச்சியைப் படத்தின் மேல் வைத்து, ‘இங்கேயா? கொஞ்சம் தள்ளியா?’ என்று கேட்கிறார். மாணவர்கள் குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள். இது வெறும் விளையாட்டில்லை. ஒரு பக்கம் எடுத்துக்கொண்டால் மறுபக்கம் கொடுக்கவேண்டும் என்பது அந்த ஒரு நிமிடத்திலேயே எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. பிறகு மூன்று நிமிடம் தனியாக யோசிக்கச் சொல்கிறார். அதன்பின் நண்பரோடு பேசலாம், ஆசிரியரிடம் வரலாம், முன்னால் வைத்திருக்கும் குறிப்பு அட்டையை எடுத்துப் பார்க்கலாம்.

தீர்வு எளியது. மடங்கிய எல்லையின் மேல் முனை க, மடிப்பு ச, கீழ் முனை ட என்று கொண்டால், க-வையும் ட-வையும் சேர்க்கவேண்டும். ச வழியாக அதற்கு இணைகோடு வரைந்தால் அது நிலத்தின் கீழ் விளிம்பை ஒரு புள்ளியில் வெட்டும், அது ப. இப்போது கசட, கபட என்ற இரு முக்கோணங்களுக்கும் அடிப்பக்கம் கட. உச்சிகள் இரண்டும் அதற்கு இணையான கோட்டின் மேல் இருப்பதால் பரப்பு ஒன்றே. ஆகவே கப என்ற நேர்கோடே புதிய எல்லை. இணைகோடு மேல் விளிம்பை வெட்டும் இடத்தை எடுத்துக்கொண்டால் ட-விலிருந்து இன்னொரு எல்லை கிடைக்கும். மாணவர்கள் கரும்பலகைக்கு வந்து இதை விளக்கியபின், ஆசிரியர் அடுத்த கணக்கைப் போடுகிறார்: ஒரு நாற்கரத்தைப் பரப்பு மாறாமல் முக்கோணமாக்கவேண்டும். சற்று முன் எல்லையை நிமிர்த்திய அதே உத்தி இங்கே உருவம் மாறி வருகிறது. நீக்கவேண்டிய மூலை எது, எந்தப் பக்கத்தை நீட்டுவது என்று எட்டு விதமாக இதைச் செய்யலாம். ஒருவர் செய்தது பக்கத்து இருக்கையில் இருப்பவர் செய்தது போல இருக்காது. ஆனால் எட்டும் ஒரே கருத்தின் எட்டு முகங்கள் என்று காட்ட ஆசிரியருக்கு அது பெரிய வசதி.

இந்தியாவின் ஒன்பதாம் வகுப்பு என்சிஇஆர்டி கணிதப் பாடநூலில் நெடுங்காலம் இருந்த ஒரு கணக்கை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். இத்வாரி என்ற கிராமத்தவருக்கு நாற்கர வடிவில் ஒரு மனை. அதன் ஒரு மூலையைச் சுகாதார நிலையம் கட்டக் கிராமப் பஞ்சாயத்து கேட்கிறது. அதற்கு ஈடான நிலத்தை மனையை ஒட்டியே கொடுத்து, மொத்தமும் முக்கோண மனையாக அமையவேண்டும் என்ற நிபந்தனையோடு அவர் இசைகிறார். அதை எப்படிச் செய்வது? ஜப்பானிய ஆசிரியர் கொடுத்த இரண்டாவது கணக்கும் இதுவும் கணித அளவில் ஒன்றே. கதை இந்தியப் பிள்ளைக்கு இன்னும் நெருக்கமானது என்றே சொல்லலாம். வேறுபாடு இடத்தில்தான்: இது தேற்றங்களும் மெய்ப்பிப்புகளும் முடிந்தபின், பயிற்சியின் பன்னிரண்டாவது கணக்காக வந்தது. விடை கையேடுகளில் மூன்று வரியில் இருந்தது. பொதுவாக இந்தியப் பாடநூல்களில் நல்ல கணக்குகளுக்குப் பஞ்சமில்லை. அவை வந்து நிற்கும் இடமும், அவற்றுக்குக் கிடைக்கும் நேரமும்தான் அவற்றைப் பயனற்றவையாக்குகின்றன.

நல்ல கணக்கைப் பாடத்தின் தொடக்கத்தில் வைத்துவிட்டால் போதுமா என்றால், போதாது. ஜப்பானிய ஆசிரியர்கள் தங்கள் பாடத்தில் மிகக் கடினமான பகுதி என்று சொல்வது கணக்கைத் தேர்ந்தெடுப்பதையோ மாணவரை யோசிக்க விடுவதையோ அல்ல. அதற்குப் பின் வரும் பொது விவாதத்தைத்தான். மாவைப் பிசைந்து பதப்படுத்துவதைக் குறிக்கும் நெரியாகே என்ற சொல்லால் அவர்கள் அதை அழைக்கிறார்கள். மாணவர்கள் தனியாக வேலை செய்யும்போது ஆசிரியர் இருக்கைகளுக்கிடையே நடந்து, யார் எந்த வழியில் போகிறார் என்று குறித்துக்கொள்கிறார். சரி, தவறு என்று எதுவும் சொல்வதில்லை. பிறகு யாரை முதலில் கரும்பலகைக்கு அழைப்பது, யாரைக் கடைசியில் அழைப்பது என்று முடிவு செய்கிறார். பெரும்பாலோர் செய்த, நீளமான, ஆனால் எல்லோருக்கும் புரியும் வழி முதலில் வரலாம். பாதி வழியில் நின்றுபோன முயற்சி அடுத்து வரலாம். அன்றைய கருத்தை வெளிக்கொணரும் வழி கடைசியில் வரும். எல்லாம் ஒரே கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பதால் இடையில் எதையும் அழிப்பதில்லை. 50 நிமிடப் பாடம் முடியும்போது கரும்பலகையைப் பார்த்தால் பாடத்தின் கதை முழுவதும் அதில் இருக்கும்.

அமெரிக்காவில் மார்கரெட் ஸ்மித்தும் மேரி கே ஸ்டைனும் இதே வேலையை ஐந்து செயல்களாக வகுத்து, ஆசிரியர் பயிற்சிக்கு ஏற்ற வடிவம் கொடுத்தார்கள். வரக்கூடிய வழிகளை முன்கூட்டியே ஊகிப்பது, வகுப்பில் கவனிப்பது, தேர்ந்தெடுப்பது, வரிசைப்படுத்துவது, ஒன்றோடொன்று இணைத்துக் காட்டுவது என்பவை அவை. இவற்றில் முதலாவது வகுப்புக்கு வெளியே நடப்பது. கடைசியானது மிக அதிகமாகக் கைவிடப்படுவது. நான்கு மாணவர்கள் நான்கு வழிகளைச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் வகுப்பு கைதட்ட, மணி அடித்துவிடுகிறது. பார்வையாளருக்கு அருமையான பாடம் போலத் தோன்றும். அந்த நான்கு வழிகளும் ஏன் ஒரே விடையைத் தந்தன என்று எவரும் கேட்கவில்லை என்றால், கணிதம் நடக்கவில்லை.

இந்த முடிவுக்கு எண்ணாலான சான்றும் உண்டு. 1999-இல் ஏழு நாடுகளை ஒப்பிட்டு நடந்த இரண்டாவது ஒளிப்பதிவு ஆய்வு, கொடுக்கப்பட்ட கணக்கு எப்படிப்பட்டது என்பதோடு, வகுப்பில் அது எப்படி நடத்தப்பட்டது என்பதையும் தனியாகப் பார்த்தது. அமெரிக்க வகுப்புகளில் ஏறத்தாழ 17% கணக்குகள் கருத்துகளை இணைத்துப் பார்க்கத் தூண்டும் வகையைச் சேர்ந்தவை. அந்த இயல்போடு நடத்தப்பட்டவை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மாணவர் தயங்கியவுடன் ஆசிரியர் அடுத்த அடியைச் சொல்லிவிட்டார். கணக்கு வெறும் கூட்டல், பெருக்கலாகச் சுருங்கிவிட்டது. இரக்கத்தால் செய்ததுதான், ஆனால் விளைவு அதுதான். அதே ஆய்வில், தேர்வுகளில் மிகச் சிறப்பாகச் செய்யும் ஹாங்காங்கின் வகுப்புகளில் பெரும்பாலான கணக்குகள் செய்முறைப் பயிற்சிகளே. ஆனால் இணைத்துப் பார்க்கவேண்டிய கணக்கு வந்தபோது அங்குள்ள ஆசிரியர்கள் அதில் ஏறத்தாழப் பாதியை அந்தத் தன்மை கெடாமல் நடத்தினார்கள். எத்தனை கணக்கு என்பதைவிட, வந்த கணக்கைக் காப்பாற்றுவது பெரிது.

இங்கிலாந்தில் ஜோ போலர் 1990-களில் இரண்டு பள்ளிகளை மூன்றாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். பள்ளிகளின் உண்மைப் பெயரை மறைத்து ஆம்பர் ஹில், ஃபீனிக்ஸ் பார்க் என்று பெயரிட்டார். முதலாவதில் பாடநூல், திறன்வாரிப் பிரிவு, அமைதியான வகுப்பு. இரண்டாவதில் எல்லாத் திறனுள்ள பிள்ளைகளும் ஒன்றாக, வாரக்கணக்கில் நீளும் திறந்த கணக்குகள். அதில் ஒன்று: ஒரு மீட்டர் நீளமுள்ள 36 வேலித் துண்டுகளைக் கொண்டு அடைக்கக்கூடிய மிகப் பெரிய பரப்பு எது? செவ்வகங்களில் தொடங்கியவர்கள் 9 மீட்டர் சதுரத்துக்கு வந்து 81 சதுர மீட்டர் என்றார்கள். செவ்வகமாகத்தான் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? சமபக்க முக்கோணம் ஏறத்தாழ 62 தருகிறது, மோசம். பக்கம் 6 உள்ள ஒழுங்கு அறுகோணம் ஏறத்தாழ 93.5. பக்கங்கள் கூடக்கூடப் பரப்பு கூடுகிறது என்றால், 36 பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணம்தான் எல்லை. அதன் பரப்பைக் காண அதை 36 இருசமபக்க முக்கோணங்களாகப் பிரித்து, உச்சிக்கோணம் 10 பாகையுள்ள ஒன்றின் உயரத்தை அறியவேண்டும். அங்கே அளந்து பார்த்துத் தீராது. 5 பாகையின் டேன்ஜென்ட் வேண்டும். முக்கோணவியல் அந்த நேரத்தில் கற்பிக்கப்பட்டது. கேட்டவருக்குக் கேட்ட இடத்தில். விடை ஏறத்தாழ 102.9 சதுர மீட்டர். அதே சுற்றளவுள்ள வட்டம் 103.1 தரும் என்பதைக் கவனித்தவருக்கு எல்லை மதிப்பு என்ற கருத்தின் வாசல் திறந்தது.

ஃபீனிக்ஸ் பார்க் மாணவர்களில் அதிகம் பேர் தேசியத் தேர்வில் தேர்ச்சி பெற்றார்கள். வகுப்பில் பார்த்திராத கணக்கு வந்தால் ஆம்பர் ஹில் மாணவர்கள் எந்த விதியைப் போடுவது என்று தேடினார்கள். மற்றவர்கள் கணக்கையே பார்த்தார்கள். மற்றொன்றையும் சொல்லவேண்டும்: ஃபீனிக்ஸ் பார்க்கில் ஒரு பகுதி மாணவர்கள் இந்தத் திறந்த முறையை விரும்பவில்லை, வேலையும் செய்யவில்லை. தேர்வுக்குச் சில மாதங்கள் முன் அப்பள்ளியும் வழக்கமான தேர்வுப் பயிற்சிக்குத் திரும்பியது. இரண்டு பள்ளிகளை வைத்து உலகப் பொதுவிதி சொல்ல முடியாது.

இம்முறையின் மீது வந்த மிகக் கடுமையான விமர்சனம் அறிவாற்றல் உளவியலிலிருந்து வந்தது. பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் ஆகிய மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரை, வழிகாட்டுதல் குறைந்த எந்தக் கற்பித்தலும் புதிதாகக் கற்பவருக்குப் பயன் தராது என்றது. காரணம் எளியது. மனிதரின் செயல்நினைவு ஒரே நேரத்தில் மிகச் சிலவற்றையே தாங்கும். வழி தெரியாத கணக்கில் தேடுவதிலேயே அது நிரம்பிவிட்டால், கற்பதற்கு இடமிருக்காது. ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தில் செய்த சோதனைகளில், செய்துகாட்டிய எடுத்துக்காட்டுகளைப் படித்த மாணவர்கள் தாமே போட்டுப் பழகியவர்களைவிட அதே சாயல் கணக்குகளை விரைவாகவும் பிழை குறைவாகவும் செய்தார்கள். விமர்சனத்துக்கு 2007-இல் சிண்டி ஹமெலோ-சில்வரும் வேறு இருவரும் மறுமொழி எழுதினார்கள்: சிக்கல்வழிக் கற்றல் வழிகாட்டுதல் இல்லாத முறையே அல்ல, கற்பவரைத் தாங்கிப் பிடிக்கும் உதவி அதில் நிரம்ப உண்டு என்பது அவர்கள் வாதம். ஜப்பானிய எல்லைப் பாடத்தைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்: முந்தைய நாள் தேற்றம், குச்சி, குறிப்பு அட்டை, விவாதம் என்று அந்த ஐம்பது நிமிடத்தில் ஆசிரியர் கை படாத இடமில்லை. விமர்சகர்கள் தாக்கியது கணக்கைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ளும் வகுப்பை. அப்படிப்பட்ட வகுப்புகளும் உலகில் நிறையவே உண்டு.

இரு தரப்புக்கும் இடையே ஓரளவு தெளிவு தந்தவை சிங்கப்பூரில் மனு கபூர் செய்த ஆய்வுகள். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களில் ஒரு பிரிவினர் முதலில் விலக்க வர்க்கச் சராசரியைப் பாடமாகக் கேட்டுப் பிறகு கணக்குப் போட்டார்கள். மறு பிரிவினர் முதலில் ஒரு கணக்கை எதிர்கொண்டார்கள்: மூன்று கால்பந்து வீரர்கள் இருபது ஆண்டுகளில் போட்ட கோல்களின் பட்டியலைப் பார்த்து, மிகச் சீரானவர் யார் என்று அளக்கும் வழியை உருவாக்கவேண்டும். ஷிமாடாவின் கோலிக்குண்டுக்கு இது தம்பி. மாணவர்கள் பல அளவைகளை உருவாக்கினார்கள். பாடநூலிலுள்ள சூத்திரத்தை எவரும் எட்டவில்லை. அதன்பின் ஆசிரியர் அதைக் கற்பித்தார். பிறகு நடந்த தேர்வில் கணக்கிடும் திறமையில் இரு பிரிவும் சமம். கருத்தை விளங்கிக்கொள்வதிலும் புதிய இடத்தில் பயன்படுத்துவதிலும் முதலில் தோற்றவர்களே முன்னால் நின்றார்கள். ஆனால் தோல்வி தானாகப் பயன் தருவதில்லை. ஜெர்மனியில் கத்தரினா லாய்பிளும் நிக்கோல் ரும்மலும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, மாணவர்கள் உருவாக்கிய வழிகளைச் சரியான வழியோடு ஆசிரியர் ஒப்பிட்டுக் காட்டிய இடத்தில்தான் கருத்து பதிந்தது என்று காட்டியது. மறுபடியும் பாடத்தின் இரண்டாம் பாதி.

எல்லாப் பகுதிகளும் இம்முறைக்கு ஒத்துவருவதில்லை. குறியீடும் வரையறையும் மரபும் மனிதர்கள் ஒப்புக்கொண்டவை. அவற்றை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, சொல்லித்தான் தரவேண்டும். ஒரு கோணத்தின் எதிர்ப்பக்கத்துக்கும் கர்ணத்துக்கும் உள்ள விகிதம் முக்கோணத்தின் அளவைப் பொறுத்ததில்லை என்பதை மாணவர் கண்டுபிடிக்கலாம். அதற்கு சைன் என்று பெயர் என்பதை முடியாது. காரணிப்படுத்தல், பின்னங்களைச் சுருக்குதல் போன்றவற்றில் கை பழகியிருக்காவிட்டால், சிக்கலை நடுவழியில் விட்டுவிட்டு மாணவர் கணக்கீட்டோடு மல்லுக்கு நிற்பார். தொடர்வரிசைகள், ஆயத்தொலை வடிவியல், இருபடிச் சார்புகளின் பெரும மதிப்பு, அளவியல், நிகழ்தகவு ஆகியவை மாறாக நன்றாக இடம் கொடுக்கும். ஓர் ஆண்டுப் பாடத்தில் இருபது பாடவேளைகளைச் சிக்கல்வழியாக நடத்தி, மற்றவற்றை வழக்கம்போல் நடத்துவது அரைகுறை ஆகாது.

தமிழ்நாட்டில் இதற்கு முதல் தடையாகச் சொல்லப்படுவது பொதுத்தேர்வு. பத்தாம் வகுப்பு கணித வினாத்தாளில் வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் எட்டெட்டு மதிப்பெண். அந்தப் பதினாறையும் முதலில் உறுதிசெய்துகொள் என்பது ஒவ்வொரு வகுப்பிலும் கேட்கும் அறிவுரை. எடுத்துக்காட்டுகளையும் பயிற்சிக் கணக்குகளையும் மறுபடி மறுபடி போட்டவருக்கு ஐந்து மதிப்பெண் வினாக்கள் பெரும்பாலும் தெரிந்த முகங்கள்தான். புதிதாக அமைந்த கட்டாய வினாவைப் பார்த்ததும் தேர்வறைக்கு வெளியே எழும் முணுமுணுப்பு, வழக்கமான தயாரிப்பு எங்கே முடிகிறது என்பதைக் காட்டுகிறது. ஜப்பானிலும் நுழைவுத்தேர்வு நெருக்கடியும் மாலைநேரத் தனிப்பயிற்சி நிலையங்களும் உண்டு. ஆகவே தேர்வு இருப்பதால் மட்டும் இம்முறை முடியாது என்றாகாது. அதே காரணத்தால் ஜப்பானிய மாணவர்களின் மதிப்பெண்களுக்கு வகுப்பறை முறை ஒன்றே காரணம் என்றும் சொல்ல முடியாது.

தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2005-க்காகக் கணிதக் கற்பித்தல் பற்றி ஒரு நிலைப்பாட்டு அறிக்கை எழுதப்பட்டது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ராமானுஜம் அதன் குழுவுக்குத் தலைவர். பெரும்பாலான பிள்ளைகளிடம் உள்ள அச்சம், திறமையானவரையும் ஈடுபாடற்றவரையும் ஒருசேர ஏமாற்றும் பாடத்திட்டம், கணிதத்தை இயந்திரக் கணக்கீடாகக் காட்டும் முரட்டு மதிப்பீடு, ஆசிரியருக்குப் போதிய ஆயத்தமும் துணையும் இல்லாமை என்ற நான்கும் அதில் முதன்மைச் சிக்கல்களாகச் சொல்லப்பட்டன. பாடநூல்கள் அதன்பின் பலமுறை மாறின. நான்காவது மட்டும் மிகக் குறைவாக மாறியது.

ஜப்பானில் அந்த நான்காவது குறையை ஈடுசெய்வது பாட ஆய்வு என்ற வழக்கம். ஒரு பள்ளியின் அல்லது வட்டாரத்தின் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். திட்டத்தாளில் ஆசிரியர் கேட்கப்போகும் கேள்விக்குப் பக்கத்தில், மாணவர்கள் தரக்கூடிய விடைகளுக்கு ஒரு பத்தி; தவறான விடைகளுக்கும் அதில் இடமுண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆசிரியர் என்ன செய்வார் என்ற குறிப்பு. ஒருவர் பாடம் நடத்த மற்றவர்கள் வகுப்பின் ஓரங்களில் நின்று பிள்ளைகளின் நோட்டுகளைக் கவனிக்கிறார்கள். பிறகு கூடிப் பேசுவது நடத்தியவரின் குரலையோ கையெழுத்தையோ பற்றி அல்ல. எந்த மாணவர் எந்த இடத்தில் நின்றார், கணக்கிலுள்ள எந்த எண் அவரைத் திசைதிருப்பியது என்பதைப் பற்றி. திருத்திய திட்டத்தோடு இன்னொருவர் வேறொரு வகுப்பில் அதே பாடத்தை நடத்துவதும் உண்டு.

தமிழ்நாட்டில் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி நேரம் சுற்றறிக்கைகளுக்கும் பதிவேடுகளுக்கும் போய்விடுகிறது. ஒரு பருவத்துக்கு ஒரு கணக்கு போதும்: திட்ட விலக்கத்துக்கு முன் கோலிக்குண்டு, முக்கோணவியலுக்கு முன் வேலி, பரப்பளவுக்குப் பின் இத்வாரியின் மனை. கூட்டத்தில் ஆசிரியர்கள் முதலில் தாங்களே அதைப் போட்டுப் பார்த்து, தங்களுக்குள் எத்தனை வழிகள் வந்தன என்று எழுதி, பிள்ளைகள் எங்கெங்கே வழுக்குவார்கள் என்று ஊகிக்கலாம். நாற்பதைந்து நிமிடப் பாடவேளையில் யோசிக்க பதினைந்து நிமிடமும், விவாதத்துக்கு இருபது நிமிடமும் ஒதுக்கவேண்டும்; ஐம்பது பேர் உள்ள வகுப்பில் எல்லோரையும் கரும்பலகைக்கு அழைக்க முடியாது, மூவரோ நால்வரோ போதும். மீதி நிமிடங்களில் கண்ட விதியை மாணவர் தம் சொல்லில் நோட்டில் எழுதுவார். அதே சாயலில் உள்ள பயிற்சிக் கணக்குகள் வீட்டுப்பாடமாகவும் மறுநாள் பாடவேளையிலும் வரும்.